சிறுகலமும் பெருந்துணிவும்

வானங்களின் படைப்பைச் சிந்தித்துப் பார்க்குமாறு திருமறை மனிதனைப் பன்முறை அழைக்கின்றது. ஆயினும் விண்ணாய்வு பெருங்கலமும் பெரும்பொருளும் உடையோர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் முழு உண்மையன்று எனச் சிறுகோள்களை நாடிச் சென்ற ஜப்பானியக் கலங்கள் காட்டியுள்ளன.

2003-ஆம் ஆண்டு மே மாதம் புறப்பட்ட 'ஹயபுசா'வின் எடை எரிபொருளுடன் சேர்த்து ஏறத்தாழ 510 கிலோகிராம். அது நாடிய 'இட்டோகாவா' அரைக் கிலோமீட்டரே நீளமுள்ள கற்குவியல். அங்குள்ள ஈர்ப்பு, புவியீர்ப்பில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. அத்தகைய இடத்தில் மோதி நொறுங்குவோம் என்னும் அச்சத்தினும், துள்ளி எழுந்து விண்ணில் தொலைவோம் என்னும் அச்சமே பெரிது. சக்கரங்களுக்குப் பிடிமானம் கிட்டாது. மேலும், ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஆணை சென்று சேர 16 நிமிடங்கள் ஆகும். ஆதலின் இறங்கும் வேளையில் கலம் தானே கண்டு, தானே முடிவு செய்தல் வேண்டும்.

இவ்விடர்களுக்கு அறிஞர் கண்ட தீர்வுகள் எளியவை. கலத்திற்கு வழிகாட்ட முன்னதாகப் போடப்படும் குறிப்பந்து துள்ளிவிடக் கூடாதல்லவா? ஜப்பானியச் சிறுமியர் ஆடும் மணிப்பை விளையாட்டை நினைந்து, பந்தினுள் சிறு மணிகளை இட்டனர். 591 கிராம் எடையுள்ள 'மினெர்வா' என்னும் சிற்றூர்திக்குச் சக்கரங்களை விடுத்து, உள்ளே சுழலும் பொறியின் விசையால் தாவும் ஆற்றலை அளித்தனர்.

எனினும் 2005 நவம்பரில், தாய்க்கலம் மேலெழுந்துகொண்டிருந்த வேளையில் விடுவிக்கப்பட்ட மினெர்வா, சிறுகோளை அடையாமலே விண்வெளியில் மறைந்தது. தாய்க்கலமும் இன்னலுக்குத் தப்பவில்லை. நிலைகாக்கும் 3 சுழலிகளுள் 2 பழுதுற்றன, எரிபொருள் கசிந்தது, ஏறத்தாழ 7 வாரங்கள் தொடர்பே அற்றது. 2009-இல் அயனிப் பொறிகளும் தளர்ந்தபோது, ஒன்றன் நல்ல பகுதியை மற்றொன்றன் நல்ல பகுதியோடு இணைத்து இயக்கினர். அதற்கான மின்னிணைப்பை வடிவமைப்பின்போதே அமைத்திருந்த முன்னறிவே கலத்தைக் காத்தது. 2010 ஜூன் 13 அன்று ஆஸ்திரேலியப் பாலைவெளியில் இறங்கிய அதன் பேழை, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களைக் கொணர்ந்தது. புவியில் மிகுதியாக விழும் விண்கற்களின் பிறப்பிடம் இத்தகைய சிறுகோள்களே என்பதை அத்துகள்கள் உறுதிப்படுத்தின.

மினெர்வாவை வீண்செலவு என்று அன்றே கைவிட்டிருந்தால் நேர்ந்திருக்கும் இழப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2018 செப்டம்பர் 21 அன்று 'ஹயபுசா-2' விடுவித்த, அதன் வழிவந்த இரு சிற்றூர்திகள் 'ரியூகு' சிறுகோளின்மீது தாவித் திரிந்து படங்களை அனுப்பின. சிறுகோள் ஒன்றன் பரப்பில் ஊர்திகள் இயங்கியது அதுவே முதன்முறை. 13 ஆண்டுகளுக்கு முந்தைய தோல்வி அவ்வெற்றிக்குப் பாடமாயிற்று.

சிறுகலத்தின் சிறப்பு அதன் செலவுச் சுருக்கத்தில் மட்டும் இல்லை என்பது நம் கருத்து. இழந்தாலும் மீண்டும் முயலலாம் என்னும் துணிவை அது தருகின்றது. அத்துணிவு பயன்தர வேண்டுமாயின், பழுது நேரும் என முன்னரே எண்ணி வடிவமைத்தலும், நேர்ந்த பழுதை மறையாது எழுதிவைத்தலும் வேண்டும். தோல்வியுற்ற ஆய்வை எள்ளி நகையாடும் சமுதாயத்தில் உண்மையை எவரும் எழுதிவைக்கமாட்டார். நம் ஆய்வுக்கூடங்களில் பிழைத்துப்போன சோதனையைக் கிழித்தெறியும் மாணவருக்கு நாம் கூற விழைவது இதுவே: அந்தத் தாளைப் பாதுகாத்து வையுங்கள், அடுத்த முயற்சி அதிலிருந்தே தொடங்கும்.