மாத்திரைக்கு முன் வயிற்றைப் பாருங்கள்

டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை, டெங்கு இல்லை. ஆனாலும் சாயங்காலமானால் காய்ச்சல் ஏறுகிறது. "எதற்கும் காசநோய் மாத்திரையைத் தொடங்கிப் பார்ப்போம்" என்ற பேச்சு எழும் இந்தக் கட்டம்தான் எனக்குக் கவலை தருகிறது. 1961-இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் காரணம் பிடிபடாத காய்ச்சலுக்கு இலக்கணம் வகுத்தார்கள்: 101 டிகிரிக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல், ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துச் சோதித்தும் விடை கிடைக்காதது. அவர்கள் ஆராய்ந்த 100 பேரில் தொற்றுக்கு அடுத்தபடியாக நின்றது புற்றுநோய்.

புற்றுநோய்களில் சிறுகுடல் கட்டி அரிதுதான். ஆனால் குடல் சுவரில் முளைக்கும் 'ஜிஸ்ட்' (GIST) என்ற கட்டி பெரும்பாலும் வெளிப்பக்கமாக வளரும். அதனால் பல நேரம் அடைப்பு வராது, வலிகூட இல்லாமல் போகலாம். கட்டி பெருத்து, நடுப்பகுதிக்கு ரத்தம் எட்டாமல் அழுகி, குடல் கிருமிகளும் உள்ளே புகுந்தால் காய்ச்சல் மட்டுமே வெளியே தெரியலாம். வாய்வழி எண்டோஸ்கோப்பி முன்சிறுகுடலோடு நின்றுவிடும். கொலனோஸ்கோப்பி சிறுகுடலின் கடைசி முனையைத்தான் தொடும். நடுவில் பல மீட்டர் குடல் யார் கண்ணிலும் படுவதில்லை! அப்புறம் எப்படி "ஸ்கோப் நார்மல்" என்று நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவது? காய்ச்சலோடு ஹீமோகுளோபினும் எடையும் இறங்கினால், மருந்தை மாற்றுவதற்கு முன் வயிற்றுக்கு ஒரு சிடி ஸ்கேன் கேளுங்கள். பரவாத ஜிஸ்ட்டை அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் முழுதாக எடுத்துவிட முடியும். பரவியதைக்கூட இமாட்டினிப் மாத்திரை பலருக்கு ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைக்கிறது.