கருணை அல்ல, கடன்!

1944 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29 ஆம் நாள். அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஓர் அறுவை நடந்தது. இதயக் கோளாறால் உடலெங்கும் நீலம் பாரித்துக் கிடந்த பச்சிளங் குழந்தையின் மார்பைத் திறந்து, குருதி ஓடப் புதியதோர் வழி அமைத்துத் தந்தார் ஆல்பிரட் பிளாலக் என்னும் மருத்துவர். உலகம் வியந்தது, ஏடுகள் புகழ்ந்தன. அந்த மருத்துவரின் தோளுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டையின் மீது ஏறி நின்று, எங்கே வெட்டுவது, எப்படித் தைப்பது என்று வழிகாட்டிக்கொண்டிருந்த கறுப்பு மனிதரோ, ஏடுகளின் கண்ணுக்குத் தென்படவே இல்லை!

விவியன் தாமஸ் என்பது அவர் பெயர். அந்த அறுவை முறையை ஆய்வுக்கூடத்தில் நாய்களின்மீது பன்முறை செய்து பார்த்துப் பண்படுத்தியவர் அவரே. மருத்துவராக வேண்டுமென்று ஆசைப்பட்டவர். தச்சுத் தொழில் செய்து கல்லூரிக்கெனக் காசு சேர்த்தவர். பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் வங்கி முறிந்தது, சேமிப்பு மூழ்கியது, அதனோடு கல்லூரிக் கனவும் மூழ்கியது. 1930 இல், வாரத்துக்கு 12 டாலர் கூலிக்கு வாண்டர்பில்ட் பல்கலைக் கழகத்துப் பிளாலக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செய்த வேலை ஆராய்ச்சி. பதிவேட்டில் எழுதப்பட்ட வேலையோ துப்புரவுப் பணி! ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது 1976 இல். தலைமுறை ஒன்று கடந்த பிறகு வந்தது அந்தத் தகுதிச் சான்று!

அவரிடம் இல்லாதிருந்தது அறிவா? ஆற்றலா? உழைப்பா? இல்லை, இல்லை. இல்லாதிருந்தது காசு, மூடிக்கிடந்தது கதவு.

அந்தக் கதவைச் சற்றே திறக்கக் கண்ட வழிகளில் ஒன்றுதான், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஊதியத்துடன் அளிக்கப்படும் கோடைக்கால மருத்துவ ஆய்வுப் பயிற்சி. கல்லூரி மாணவர் ஒருவர் எட்டு அல்லது பத்து வாரங்கள் ஓர் ஆய்வாளரின் கீழ் அமர்ந்து உண்மையான ஆராய்ச்சியில் பங்கு கொள்கிறார். உதவித்தொகை உண்டு, பல இடங்களில் தங்க இடமும் உண்டு. முடிவில், தாம் கண்டதை அவையோர் முன் எடுத்துரைக்கிறார்.

'பயிற்சி தருகிறார்களே, போதாதா? பணமும் எதற்கு?' என்று கேட்போர் உண்டு. கேட்பவர் எவர் என்று பாருங்கள், பசியறியாதவராகவே இருப்பார். கோடை, செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கோ அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குக் கூலி தேடும் பருவம். ஒருவன் உணவு விடுதியில் தட்டுக் கழுவுகிறான். மற்றொருவன் ஊதியமின்றி ஆய்வுக்கூடத்தில் அனுபவம் பெறுகிறான். பின்னர் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, 'ஆராய்ச்சி அனுபவம் உண்டா?' என்று கேட்கிறது உயர்கல்விக் கூடம். இது தேர்வா, தந்தையின் பணப்பையை எடை போடும் தராசா?

ஊதியம் தந்தால் என்ன விளையும் என்பதற்கு ஊரறிந்த சான்று உண்டு. வட கரோலினாவில் வளர்ந்த கிஸ்மேகியா கார்பெட் என்னும் கறுப்பினப் பெண், பள்ளி மாணவியாக இருந்தபோதே, அமெரிக்க வேதியியல் கழகம் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1968 முதல் நடத்திவரும் 'சீட்' என்னும் ஊதியப் பயிற்சியால் ஆய்வுக்கூடம் கண்டவர். பின்னர், 1988 இல் தொடங்கப்பட்ட மேயர்ஹாப் உதவித் திட்டத்தின் துணையோடு மேரிலாந்தில் பயின்றார். கல்லூரிக் கோடைகளில் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றார். 2020 இல் கொரோனாக் கொள்ளைநோய் உலகை உலுக்கியபோது, அதே நிறுவனத்தில் மாடர்னா தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வை நடத்திய அறிவியலார் அணியில் முன்னின்றார். அந்த ஊசி அடைந்த கைகளில் வெள்ளைக் கை எத்தனை, கறுப்புக் கை எத்தனை என்று கொள்ளைநோய் கணக்குக் கேட்டதா?

ஆயினும் 2025 இல் நடந்ததென்ன? தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தம் கூடங்களில் அவ்வாண்டு நடத்தவேண்டிய கோடைப் பயிற்சியையே கைவிட்டன. 1970களில் தொடங்கி, சிறுபான்மை இன மாணவரை ஆராய்ச்சித் துறைக்கு ஆற்றுப்படுத்தி வந்த 'மார்க்' திட்டமும் முடித்துவைக்கப்பட்டது. பன்முகத்தன்மை என்ற சொல் கண்ட இடமெல்லாம் கோடரி பாய்ந்தது.

காரணம் கேட்டால், 'தகுதி' என்கிறார்கள். அந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. அதன் குரலையும் கூர்மையையும் நாம் அறிவோம். அந்தத் தகுதியையே அளந்து பார்த்த ஆய்வொன்று 2011 இல் 'சயின்ஸ்' ஏட்டில் வெளிவந்தது. கல்வி, பயிற்சி, வெளியிட்ட கட்டுரைகள் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் கொண்ட பின்னரும், தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வு நிதி கறுப்பின அறிவியலாருக்குக் கிட்டும் வாய்ப்பு, வெள்ளையருக்குக் கிட்டுவதைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது. தகுதிக் கணக்குகளைத் தீர்த்த பின்னும் தட்டு ஏன் தாழ்ந்தது? விடை சொல்லட்டும், தகுதியின் காவலர்கள்!

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற 399 கறுப்பின ஆடவரை மருந்தின்றி வைத்து நோய் முற்றுவதைக் குறிப்பெடுத்தது அரசு மருத்துவத் துறை. பெனிசிலின் வந்த பின்னும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. 1951 இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினத் தாயின் புற்றணுக்களை அவர் ஒப்புதலின்றி எடுத்து வளர்த்தனர். உலகத்து ஆய்வுக்கூடங்களெல்லாம் அவற்றைக் கொண்டு ஆராய்ந்தன. ஆய்வுக்கு உடல் வேண்டுமென்றபோது தேடிச் சென்ற கால்கள், ஆய்வாளர் வேண்டுமென்றபோது மட்டும் தயங்குவதேன்?

விளைவு நோயாளியின் விரல்நுனியில் தெரிகிறது. குருதியில் உயிர்வளியின் அளவைக் காட்டும் விரற்கருவி, கறுப்பு நோயாளிகளின் ஆபத்தான குறைவைக் காணத் தவறுவது, வெள்ளை நோயாளிகளைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 இல் ஓர் ஆய்வு உரைத்தது. எல்லா நிறத்தாரும் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருந்தால், அந்தக் கேள்வி இத்தனை காலம் காத்துக் கிடந்திருக்குமா?

பத்து வாரப் பயிற்சி பல நூற்றாண்டுக் கொடுமையைத் துடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கோடை முடிந்த பின்னும் கட்டணம் உண்டு, கடன் உண்டு, ஏளனப் பார்வையும் உண்டு. ஆனால், முதற்படியையே பெயர்த்தெடுத்துவிட்டு, 'மாடிக்கு ஏறி வரத் தெரியவில்லையே' என்று நகைப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே தோழர்களே, எங்கே இந்த வழக்கு எழுந்தாலும், 'இரக்கம் காட்டுங்கள்' என்று இறைஞ்சாதீர்கள். பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர் என்று எழுதப்பட்ட அந்த மேதையை நினைவூட்டுங்கள். அவருக்கு மறுக்கப்பட்ட கூலியைத்தான் பின்வரும் தலைமுறை கேட்கிறது. அது கருணை அல்ல, கடன்! கடனைத் தள்ளுபடி செய்யும் உரிமை, கடன்பட்டவனுக்குக் கிடையாது!