முதல் கட்டளை யாருக்கு?

 

1996 செப்டம்பர் 23. நடிகை சில்க் ஸ்மிதா சென்னையில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றார்கள். வயது 35. பதினேழு ஆண்டுகளில் 450 படங்களுக்கு மேல் நடித்த ஒரு பெண்ணின் முடிவு அது. "போன வழி அப்படி, முடிவும் அப்படி" என்று டீக்கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள் ஏராளம். நம் சமுதாயத்தாரும் அதில் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள்.

நாம் கேட்பது ஒன்றுதான். அந்த வழியில் அவரை நடத்திச் சென்றவர்கள் யார்? அதற்குக் காசு கொடுத்தவர்கள் யார்?

ஆந்திராவில் ஏலூருக்கு அருகே ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் விஜயலட்சுமி. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்ன வயதிலேயே மணமுடித்துக் கொடுத்தார்கள். அந்த வாழ்க்கை தாங்காமல் சென்னைக்கு ஓடி வந்தார். நடிகைகளுக்கு ஒப்பனை உதவியாளராக வேலை செய்தார். 1980-ல் வெளிவந்த 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயக்கடைப் பெண்ணாக நடித்தார். அந்தப் பாத்திரத்தின் பெயர்தான் சில்க். பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்தது; சாராயக்கடைப் பெயர் சாகும்வரை ஒட்டிக்கொண்டது!

அவருக்கு நடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' அதற்குச் சாட்சி. குணச்சித்திர நடிகையாக வேண்டும் என்ற ஆசையைப் பேட்டியிலும் சொன்னார். சந்தை விடவில்லை. விலைபோகாமல் பெட்டிக்குள் கிடந்த படத்தில்கூட அவருடைய ஒரு நடனத்தைச் சேர்த்துவிட்டால் விநியோகஸ்தர் வாங்கிக்கொண்டு போனார். டிக்கெட் எடுக்க ஆண்கள் வரிசையில் நின்றார்கள். சந்தை என்றால் வேறு யார்? அந்த வரிசைதான் சந்தை!

வணிகச் சகோதரர்களே! நீங்கள் கணக்கு அறிந்தவர்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு கணக்கைக் கேளுங்கள். 1949-ல் கையில் காசில்லாமல் இருந்த மர்லின் மன்றோ என்ற இளம்பெண், நாள்காட்டிப் படத்துக்காக ஆடையின்றி நின்றார். கிடைத்த கூலி 50 டாலர். 1953-ல் ஹியூ ஹெஃப்னர் என்பவர் அந்தப் படத்தை 500 டாலருக்கு வாங்கி, தம் 'பிளேபாய்' பத்திரிகையின் முதல் இதழில் போட்டார். ஐம்பதாயிரம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதை வைத்தே பெரும் செல்வம் சேர்த்தார். மன்றோவுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. 1962-ல் 36 வயதில் அவர் இறந்துபோனார். 1992-ல் அதே ஹெஃப்னர் 75,000 டாலர் கொடுத்து அவருடைய கல்லறைக்கு அடுத்த இடத்தை வாங்கினார். 2017-ல் அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டார். 50 டாலர் கூலி வாங்கிய பெண்ணைக் கல்லறையிலும் விடவில்லை!

நம் நாட்டிலும் இதே கதைதான். சில்க் ஸ்மிதாவின் வாழ்க்கையைத் தழுவி 2011-ல் 'தி டர்ட்டி பிக்சர்' என்ற இந்திப் படம் எடுத்தார்கள். அதில் நடித்தவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 2023-ல் 'மார்க் ஆண்டனி' படத்தில் மறுபடியும் அவருடைய உருவத்தைக் கொண்டுவந்தார்கள். இறந்து 27 ஆண்டுகள் ஆன பிறகும் யாருடைய கல்லாப்பெட்டியோ நிரம்புகிறது.

ஜும்ஆ மேடைகளில் பெண்களின் பர்தா பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இதை எழுதுபவனும் மிம்பரில் நின்று பேசியவன்தான். ஆனால் அந்நூர் அத்தியாயத்தை ஓதிப் பாருங்கள். 30-வது வசனம் முஃமினான ஆண்களிடம் பார்வையைத் தாழ்த்தும்படி சொல்கிறது. பெண்களுக்குரிய கட்டளை அதற்கு அடுத்த 31-வது வசனத்தில்தான் வருகிறது. முதல் கட்டளை நமக்கு! நாம் அதைத் தாண்டிப் போய் இரண்டாவதிலிருந்து பாடம் நடத்துகிறோம். அதே அத்தியாயம், ஒழுக்கமுள்ள பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு 80 கசையடி என்கிறது. நடிகைகளைப் பற்றிய கிசுகிசுவை ஒரு கையால் பஜ்ர் பாங்கு நேர அட்டவணையோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இது சென்னைக்கும் பம்பாய்க்கும் உரிய பிரச்சினை மட்டுமா? இல்லை. கோட்டாறு கடைவீதியிலும் தக்கலையிலும் குளச்சலிலும் நம் கண்முன் நடப்பதுதான். கடை திறப்பு விழா என்றால் நடிகையை அழைக்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. நம் வணிகர்களிலும் சிலர் இந்த ஆசையில் விழுகிறார்கள். காலையில் ஆலிமை அழைத்து ஃபாத்திஹா. மாலையில் நடிகையை அழைத்து ரிப்பன்! நெரிசலில் அந்தப் பெண்ணை இடித்துத் தள்ளும் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். பரக்கத்தை எந்த வாசல் வழியாக எதிர்பார்க்கிறோம்?

இளைஞர்களே! உங்கள் தந்தையர் காலத்தில் அந்தப் படத்தைப் பார்க்கத் தியேட்டருக்குப் போக வேண்டும்; தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயமாவது இருந்தது. இன்று போர்வைக்குள் கைப்பேசி. பார்ப்பது இலவசம் என்று நினைக்கிறீர்கள். இலவசம் அல்ல! உங்கள் ஒவ்வொரு பார்வையும் எண்ணப்படுகிறது, விளம்பரக்காரனுக்கு விற்கப்படுகிறது. அந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் இன்னொரு ஏழை வீட்டு விஜயலட்சுமியைக் கேமரா முன் நிறுத்துகிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் இப்போது நீங்கள்.

எனவே நாம் வேண்டுவது மூன்று. வணிகர்கள் பெண்ணுடலைக் காட்டிச் சரக்கு விற்பதை நிறுத்தட்டும். தரமும் சரியான எடையும் நியாய விலையும் விளம்பரம் செய்யட்டும். இளைஞர்கள் கைப்பேசியில் அந்நூர் 30-ஐ அமல் செய்யட்டும். ஜமாஅத்துகள் தம் மஹல்லாவில் பாதியில் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, மீண்டும் பள்ளிக்கு அனுப்பட்டும். நான்காம் வகுப்போடு நின்ற படிப்பிலும் அறியாத வயதில் நடந்த திருமணத்திலும்தான் அந்தப் பெண்ணின் துயரம் தொடங்கியது என்பதை மறக்க வேண்டாம்.

இறந்தவருடைய கணக்கு இறைவனிடம் போய்விட்டது. அதற்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. நம்முடைய கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. அதைச் சரிசெய்ய அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.