மூன்று சிசி

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு கப் இருக்கிறது. அரை அடி உயரம். வெள்ளி மாதிரி இருக்கும், வெள்ளி இல்லை. கார் பந்தயத்தில் மூன்றாம் பரிசு. தற்சமயம் அதற்குள் இரண்டு ஸேஃப்டி பின், எதற்கென்று தெரியாத ஒரு சாவி, பழைய கரண்ட் பில்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் (மெக்கானிக்கல், இரண்டாம் வருஷம்) அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க ரேஸ் எல்லாம் ஓட்டியிருக்கீங்களா?" என்று வாயைப் பிளந்தான்.

"ஏதோ, சின்ன வயசுல..." என்றேன் அடக்கமாக.

"எப்படி ஜெயிச்சீங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கார் பந்தயம் என்றதும் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைகள்தான் உங்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். தப்பில்லை. ஆனால் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரனும் ஆசைப்படட்டும் என்று கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே மாடல் கார், ஒரே இன்ஜின். யாரும் அதில் கை வைக்கக் கூடாது. பணம் பேசாது, ஓட்டுகிறவன் கையும் காலும்தான் பேசும். கோயமுத்தூர் கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை சீட் வண்டி கட்டினாரே, அந்த ஜாதி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதை ஓட்டி ஆரம்பித்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். நான் ஷோகேஸ் வரை போனேன்.

எங்கள் ஆபீஸில் நாலு பேர் சீட்டு எடுத்த பணத்தில் ஒரு செகண்ட் ஹாண்ட் 800 வாங்கினோம். எந்த வருஷம், எந்த மைதானம் என்று கேட்காதீர்கள். முதல் பந்தயத்தில் எட்டாவது. இரண்டாவதில் ஏழாவது. முன்னேற்றம்தான். ஆனால் இந்த வேகத்தில் போனால் ரிடையராகும்போதுதான் கப் கிடைக்கும்.

மெக்கானிக் அண்ணன் ஆறுதல் சொன்னார். "நீங்க நல்லாத்தான் ஓட்டறீங்க ஸார். வண்டிதான் இழுக்கல. முன்னாடி போறவன்லாம் சும்மாவா போறான்? எல்லாம் உள்ள வேலை பண்ணின வண்டி. ஹெட்டுக்கு ஒரு ஃபேஸிங் போட்டுத் தரேன். வெளியில தெரியாது."

விஷயம் இதுதான். 800-ன் இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர். ஒன்றுக்கு 265 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது தலைக்கு மேல் மிச்சம் இருக்கும் இடம் உதாரணத்துக்கு 33 சிசி என்றால், காற்றும் பெட்ரோலும் ஒன்பதில் ஒரு பங்காக அமுங்கும். ஹெட்டின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் சீவி அதை 30 சிசி ஆக்கினால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. அதிகமாக அமுங்கினால் உதை பலமாக இருக்கும். வித்தியாசம் மூன்றே மூன்று சிசி. ஒரு டீஸ்பூனே ஐந்து சிசி ஸார்.

நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. "சரி" என்றும் சொல்லவில்லை. "பாத்துப் பண்ணுங்க" என்றேன். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவதாக வந்தேன். அரை வண்டி இடைவெளியில் நாலாவதாக வந்தவன் தபாலாபீஸில் வேலை பார்த்த ஒரு பையன்.

பந்தயம் முடிந்ததும் சோதனை. முதல் இரண்டு வண்டிகளின் ஹெட்டைக் கழற்றினார்கள். மேலே கண்ணாடி மாதிரி ஒரு தகடு வைத்து, ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு அளந்தார்கள். என் வண்டிக்கு எடையும் டயரும் பார்த்ததோடு சரி.

அந்த இரண்டு வண்டியும் சுத்தம்! கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே. 'எல்லாரும் பண்றான்' என்ற மெக்கானிக் வாக்கு என் கண்முன்னே பொய்யானது. அந்தக் கும்பலில் பண்ணினது நான்தான்.

முடிவை அறிவித்தபின் ஆட்சேபணை சொல்ல அரை மணி நேரம் உண்டு. இன்ஜினைப் பிரிக்கச் சொல்பவர் பணம் கட்ட வேண்டும். குற்றம் நிரூபணமானால் பணம் திரும்ப வரும். இல்லாவிட்டால் போச்சு. தபாலாபீஸ் பையன் என் பானெட் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஸ்ட்ரெய்ட்ல நல்லா இழுக்குதே ஸார்?"

"ட்யூனிங்தான் தம்பி."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, "கங்கிராட்ஸ் ஸார்" என்று போய்விட்டான். அந்த அரை மணியில் எனக்கு வியர்த்தது பந்தயத்தில்கூட வியர்க்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் சின்னப் பாவம். அடுத்த சீஸனில் அவனே வந்து காதோரம் கேட்டான். "ஸார், உங்க மெக்கானிக் யாரு?"

அட்ரஸ் கொடுத்தேன்.

அப்புறம் அந்தப் பந்தயத்தில் கை வைக்காத வண்டி குறைந்துகொண்டே வந்தது. செலவு கூடியது. எங்கள் சீட்டுப் பணக் கோஷ்டியால் தாங்க முடியாமல் வண்டியை விற்றோம். மாதச் சம்பளக்காரனுக்காக வைத்த விதியை மாதச் சம்பளக்காரனே சீவித் தள்ளியாச்சு.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 2014-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா லகூனா சேகாவில், அமெச்சூர்களின் தேசியப் பந்தயம். எல்லோரிடமும் மஸ்தா மியாட்டா. முடிந்ததும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், காற்று போகும் வழியின் வளைவில் அனுமதி இல்லாத வேலை. முன்னால் வந்தவர்களில் பலரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அதே நாட்டில் ஸ்பெக் ரேஸர் ஃபோர்டு என்ற வகுப்பில் இன்ஜினுக்கே சீல் வைத்துத் தருகிறார்கள். ஓட்டுகிறவர் பிரிக்கவே கூடாது. நல்ல யோசனை. எனக்கு அன்றைக்கே யாராவது சீல் வைத்திருக்கலாம்.

பையன் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். "எங்க காலேஜ்லயும் கார் டீம் இருக்கு அங்கிள். ஏதாவது டிப்ஸ் சொல்லுங்களேன்."

"முதல்ல ஒரு ப்யூரெட் வாங்கு."

"எதுக்கு, கெமிஸ்ட்ரிக்கா?"

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், அட்ரஸ் கொடுத்தது உட்பட. அவன் ஒன்றும் பேசவில்லை. ஸேஃப்டி பின், சாவி, கரண்ட் பில் எல்லாவற்றையும் பத்திரமாக உள்ளே போட்டு, கப்பை இருந்த இடத்திலேயே வைத்தான்.

எழுத்து மட்டும் சுவர்ப் பக்கம் இருந்தது. நானும் திருப்பி வைக்கவில்லை.