சுராங்கனிக்கு ஒரு மணித்தியாலம்

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர் ஒருவரின் மகன், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அமர்ந்து காதில் ஏதோ மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். என்ன பாட்டு என்றேன். பாட்டல்ல, வானொலி நிகழ்ச்சி என்றான். எழுபதுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றிய பங்க் இசைக்காரர்கள் யார், யாரிடமிருந்து எதைக் கற்றார்கள், முதல் இசைத்தட்டுக்கு யார் காசு போட்டார்கள் என்றெல்லாம் ஒவ்வொருவராக எடுத்து ஒரு மணித்தியாலம் பேசி, இடையிடையே பாடல்களையும் ஒலிபரப்புகிறார்களாம். பிறகு அவன் கேட்டான்: "அங்கிள், எங்கட ஆக்களைப் பற்றி இப்பிடி ஒண்டு இருக்கா?"

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. "எங்கட ஆக்கள்" என்று அவன் சொன்னது ஏ.ஈ. மனோகரனையும் நித்தி கனகரத்தினத்தையும் அவர்களது காலத்தவரையும். தந்தையின் காரில் ஓடும் பழைய ஒலிநாடாக்களின் புண்ணியத்தில் அவனுக்கு அவர்களைத் தெரிந்திருக்கிறது.

என் பிள்ளைப் பருவம் இரத்மலானையில் கழிந்தது. அப்பா புகையிரதத் தொழிற்சாலையில் எழுதுவினைஞர். மாலையில் அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்னர் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகிவிடுவார். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச்சேவையில் சினிமாப் பாடல்களின் இடையே திடீரென்று கிற்றாரும் பொங்கோவுமாக ஒரு பாட்டு வரும். அதில் பாடியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் மாமாக்களைப் போலவே தமிழ் பேசினார்கள். வானொலியில் பாடுகிறவர்கள் இந்தியாவில்தான் இருப்பார்கள் என்று எண்ணியிருந்த சிறுவனுக்கு அது ஒரு பேரதிசயம். "சுராங்கனி" வந்தால் மதிலுக்கு அப்பால் இருந்த சிங்கள வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள்.

1983 ஜூலையில் அந்த வானொலிப் பெட்டியும் வீட்டோடு போயிற்று. இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் ஆயிரக்கணக்கானோர் அகதிகளாய் அடைபட்டிருந்த நாட்களில் நாங்களும் அங்கே இருந்தோம். ஓரிரவு ஒரு வாலிபர் யாருக்கும் கேட்காத குரலில் மனோகரனின் பாட்டொன்றை முணுமுணுக்க, பக்கத்தில் இருந்த கிழவி "இப்ப உது வேணாமப்பு" என்றதும் நிறுத்திவிட்டார். அதற்குப் பின்னர் கப்பலேறி யாழ்ப்பாணம் போனோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. பி.பி.சி. தமிழோசை முடிந்ததும் சனம் கலைந்துவிடும். நான் முள்ளைத் திருப்பி ஆங்கில உலக சேவையைத் தேடுவேன். சில இரவுகளில் தூக்கம் கலையாத ஒருவருடைய குரல் போன்ற ஒரு குரல் எதையோ மெதுவாகச் சொல்லிவிட்டு, காது கிழியும் பாட்டொன்றைப் போடும். பெடல் சுற்றிய என் ஒன்றுவிட்ட சகோதரன் கத்துவான்: "செய்திதானே முடிஞ்சுது, பேந்தென்ன? எனக்குக் கை உளையுது!" அந்தக் குரல் ஜோன் பீல் என்பவருடையது என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

லிவர்பூலுக்கு அருகே 1939 இல் பிறந்த ஜோன் பீல், கடலில் கப்பலில் இருந்து அனுமதியின்றி ஒலிபரப்பிய "ரேடியோ லண்டன்" நிலையத்தில் பெயர்பெற்று, 1967 இல் பி.பி.சி. முதலாவது வானொலி தொடங்கியபோது அங்கே சேர்ந்தார். 2004 ஒக்டோபரில் பெரு நாட்டில் மாரடைப்பால் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பெயர் தெரியாத பையன்கள் வீட்டில் பதிந்து தபாலில் அனுப்பும் ஒலிநாடாக்களை அவர் கேட்டார்; பிடித்திருந்தால் ஒலிபரப்பினார். இசைத்தட்டுகளை இத்தனை மணித்தியாலத்துக்கு மேல் ஒலிபரப்பக்கூடாது என்று அக்காலத்தில் அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம் போராடிப் பெற்றது அது. ஆகவே குழுக்களைக் கலையகத்துக்கே அழைத்து ஒரே நாளில் மூன்று நான்கு பாடல்களைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அப்படிப் பீலுக்காகப் பதிவானவை நாலாயிரத்துக்கும் அதிகம். பங்க் எனும் முரட்டு இசைக்கு அன்று வானொலியில் ஒரு வாசல் திறந்திருந்ததென்றால் அது பெரும்பாலும் அவருடைய வாசல்தான்.

அவருக்கு மிகவும் பிடித்த பாட்டு வட அயர்லாந்தின் டெரி நகரத்துப் பையன்கள் ஐவர் பாடியது. "த அண்டர்டோன்ஸ்" என்பது குழுவின் பெயர். 1978 இல் அந்த இசைத்தட்டு வந்தபோது பீல் அதை அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். டெரி எப்படிப்பட்ட ஊர்? 1972 ஜனவரியில் ஊர்வலம் போன மக்களைப் பிரித்தானியப் படையினர் சுட்டதில் ஒரே நாளில் பதின்மூன்று பேர் விழுந்த ஊர். அந்த ஊர்ப் பையன்கள் துவக்கைப் பற்றிப் பாடாமல், ஒரு பெண்பிள்ளை மீதான பதின்ம வயது ஏக்கத்தைப் பாடினார்கள். போராட்டத்தைப் பாடவில்லையே என்று அவர்களைப் பலர் குறைகூறியதுண்டு. நமக்கும் இது பழக்கமான குற்றச்சாட்டே. தமிழர் அரசியல் கொதித்துக்கொண்டிருந்த எழுபதுகளில் மாமி மகளையும் கள்ளுக்கடையையும் பாடிக்கொண்டிருந்தார்களே என்று நம்முடைய பொப் பாடகர்களைப் பற்றி இலக்கியக் கூட்டங்களில் ஏளனமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் ஒரு காலத்தில் நானும் ஒருவன்.

பீலைப் போன்ற ஒருவர் நமக்கு வாய்க்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப்போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக நிறுவப்பட்டு, பின்னர் நம் அரசின் கைக்கு வந்த சக்திவாய்ந்த சிற்றலைப் பரப்பியினால் இலங்கை வானொலி ஆசியாவெங்கும் கேட்டது. இந்திய அமைச்சர் கேஸ்கர் 1952 இல் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாடல்களை ஒதுக்கியபோது இந்தியா முழுவதும் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பிற்று. பம்பாயில் அமீன் சயானி பேசிப் பதிந்த ஒலிநாடாக்கள் விமானத்தில் கொழும்புக்கு வந்து இங்கிருந்தே இந்தியாவுக்குப் போயின. கப்பல் வானொலி இங்கிலாந்துக்குச் செய்ததை ஒரு அரசாங்க வானொலி இந்தியாவுக்குச் செய்தது என்பது வேடிக்கைதான். அதே டொரிங்டன் சதுக்கத்துக் கட்டடத்தில் அறுபதுகளின் நடுவில் விஜய கொரியா என்ற அறிவிப்பாளர், கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் அடங்கிய "மூன்ஸ்டோன்ஸ்" குழுவை நேயர்களுக்கு அறிமுகஞ்செய்தார். ஜெரால்ட் விக்கிரமசூரிய "சூரிய" என்ற பெயரில் சொந்த இசைத்தட்டு நிறுவனம் நடத்தி அத்தகைய குழுக்களை வெளியிட்டார். இன்று சுயாதீன இசை என்று இளைஞர்கள் சொல்வது அதைத்தான்.

தமிழ்ப் பக்கத்தில் திருகோணமலையின் பரமேஷ் - கோணேஷ் சகோதரர்கள் கிற்றாருடன் மேடையேறினார்கள். பரமேஷ் தம் பாடலை இசைத்தட்டாகவும் வெளியிட்டார். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹார்டி விவசாயக் கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களுக்காகப் பாடிய "சின்ன மாமியே" நாடெங்கும் பரவியது. ஸ்ரான்லி சிவானந்தன், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை என்று பட்டியல் நீளும். எழுபதுகளில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் ஒரு காரணம். இங்கே எழுதவும் நடிக்கவும் பாடவும் ஒரு சிறு வெளி கிடைத்தது. செங்கை ஆழியானின் "வாடைக்காற்று" நாவலாக வந்ததும், 1978 இல் மனோகரனும் நடித்து அது படமாக வந்ததும் அந்தச் சூழலில்தான்.

இவர்களைப் பங்க் என்று சொன்னால் லண்டன் பையன் சிரிப்பான். கிழிந்த சட்டையும் ஊசியும் இவர்களிடம் இல்லை. மனோகரனின் சட்டைகள் பளபளப்பானவை. ஆனால் சங்கீதப் பரீட்சை எழுதாதவன், மூன்று சுருதிக்கோவைகள் தெரிந்தால் போதும் என்று, தன் ஊர்ப் பேச்சில் தானே பாட்டுக் கட்டி மேடையேறலாம் என்ற துணிவு இரண்டுக்கும் பொது. அதற்கு முன்னர் ஈழத்தில் மெல்லிசை பாடிய பலர் வாயைத் திறந்தவுடன் சென்னைத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். வானொலியில் யாழ்ப்பாணத்து "மாமி" அப்படியே மாமியாக வந்தது இவர்களால்.

எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்கவும் நான் தயாரில்லை. பல பாடல்களில் ஒரே பைலாத் தாளம் அரைபட்டுக்கொண்டே இருக்கிறது. சிலவற்றில் பெண்களைப் பற்றி வரும் கேலி இன்று காதில் இடிக்கிறது. பெண் பாடகிகள் ஏன் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஆனால் இவற்றைக் கேட்பதற்கும் ஒரு இடம் வேண்டுமல்லவா? நம்முடைய வானொலிகளில் இப்பாடல்கள் சித்திரை வருடப்பிறப்பன்றும், மதுபோதைப் பகிடியோடும், திருமண மண்டபங்களிலும் மட்டுமே ஒலிக்கின்றன. "அந்தக் காலத்து ஜாலிப் பாட்டு" என்ற அறிமுகத்துக்கு மேல் ஒரு வசனம் கிடையாது. யார் கிற்றார் வாசித்தார், எங்கே பதிவு செய்தார்கள், எத்தனை பிரதிகள் அடித்தார்கள், வானொலியில் முதலில் போடத் துணிந்தவர் யார், ஒரு மேடைக்கு என்ன கிடைத்தது? பங்க் குழுக்களைப் பற்றி அந்தப் பையன் ஒரு மணித்தியாலத்தில் அறிந்துகொண்ட எதுவும் இவர்களைப் பற்றி நமக்குத் தெரியாது.

மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானபோது அவருக்கு எழுபத்துமூன்று வயது. மறுநாள் பத்திரிகைக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். "பொப் இசைச் சக்கரவர்த்தி", "சுராங்கனி", 1977 இல் "அவர் எனக்கே சொந்தம்" படத்தில் இளையராஜா அதை எடுத்தாண்டது, தமிழ்ப் படங்களில் வில்லன். நான்கு பந்திகளோடு கை நின்றுவிட்டது. தெற்கில் சிங்களவரும் வடக்கில் தமிழரும் ஒரே நேரத்தில் பாடிய ஒரு பாட்டை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்த மனிதர், 1983 க்குப் பிறகு அந்தப் பாட்டை மேடையில் தொடங்கும்போதெல்லாம் என்ன நினைத்தார் என்று எழுதவே எனக்கு ஆசை. ஆனால் அவரிடம் அதைக் கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன், கேட்கவில்லை.

இங்கிலாந்தில் இவ்வேலை தொடர்ந்து நடக்கிறது. "த கிளாஷ்" குழுவின் ஜோ ஸ்ட்ரமர் தாமே பி.பி.சி. உலக சேவையில் நிகழ்ச்சி நடத்தித் தமக்குப் பிடித்த பல நாட்டு இசையை அறிமுகஞ்செய்தார். அவர் 2002 இல் இறந்தார். ஐந்து வருடங்கள் கழித்து, யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதியைக் கழித்து லண்டனுக்கு அகதியாய்ப் போன மாயா அருள்பிரகாசம், அதே கிளாஷின் 1982 ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் இசைத்துண்டை எடுத்து "பேப்பர் பிளேன்ஸ்" என்ற பாட்டைச் செய்தார். உலகம் முழுவதும் அது ஓடியது. ஸ்ட்ரமரிடமிருந்து மாயாவுக்கு வந்த கோடு எல்லோருக்கும் தெரியும். நித்தியிடமிருந்தும் மனோகரனிடமிருந்தும் யாருக்குக் கோடு போனது? கனடாவிலும் நோர்வேயிலும் இன்று தமிழில் றப் பாடும் பிள்ளைகளுக்கா? ஒருவரும் கீறிப் பார்க்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. வாரத்துக்கு ஒரு மணித்தியாலம், ஒரு வாரத்துக்கு ஒரு கலைஞர். கூட்டுத்தாபனம் செய்யலாம், ரொறன்ரோவிலோ மெல்பேர்னிலோ உள்ள தமிழ் வானொலிகளும் செய்யலாம். பாடியவரை மட்டுமன்றி, பக்கத்தில் நின்று பொங்கோ அடித்தவரையும், ஒலிப்பதிவாளரையும் பேசவைக்க வேண்டும். கொழும்பில் தனியார் வானொலி ஒன்றின் பொறுப்பாளரிடம் இதைச் சொன்னேன். மிக மரியாதையாகத் தேநீர் தந்து, "சேர், நல்ல விசயம்தான், விளம்பரம் வராது" என்றார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். பீலின் நிகழ்ச்சிக்கும் விளம்பரம் இல்லை. பொதுமக்கள் கட்டணத்தில் நடந்த வானொலி அது.

கொட்டாஞ்சேனையில் எழுபதுகளில் ஒரு பொப் குழுவுக்குக் கிற்றார் வாசித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். சென்ற மாதம் ஒரு மரணவீட்டில் கண்டு, உங்களைப் பற்றி எழுத வேண்டும் என்றேன். "என்னைப் பற்றி என்ன தம்பி இருக்கு?" என்று சொல்லிவிட்டு, சற்றுத் தூரம் போனவர் திரும்பி வந்து, "ஞாயிறு பூசை முடிஞ்சு பத்து மணிக்கு வீட்டிலதான் இருப்பன்" என்றார். லண்டன் பையன் போகும்போது விட்டுச்சென்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவியோடு போனேன். இரண்டு மணித்தியாலமும் பதினேழு நிமிடமும் ஓடியிருக்கிறது. முதல் கிற்றாரை யாரிடம் வாங்கினீர்கள் என்ற கேள்விக்கான பதில் இன்னும் முடியவில்லை. வரும் ஞாயிறும் வரச்சொல்லியிருக்கிறார்.