கேட்கத் தயங்கும் கேள்விக்கு எங்கள் விடை

எங்கள் புறநோயாளர் பிரிவில் முக்கியமான கேள்விகள் பெரும்பாலும் கதவருகேதான் கேட்கப்படுகின்றன. முழங்கால் வலிக்கு மாத்திரை பெற்றுக்கொண்டு எழுந்து சென்ற ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார், கதவின் கைப்பிடியைப் பற்றியபடியே திரும்பி நின்றார். மாதவிடாய் நின்றபின் கணவருடன் சேரும்போதெல்லாம், வெடித்த பாதத்தோடு உப்புப் பாத்தியில் இறங்கியது போன்ற எரிச்சல் உண்டாகிறது என்றார். வேறோரிடத்தில் இதைச் சொன்னபோது, "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். பின்னர் குரலைத் தாழ்த்தி, "மகளுடைய போனில் ஒரு மெஷின் பார்த்தேன், டாக்டரம்மா. அதிர்கிற மெஷின். அது உடம்புக்குக் கெடுதலா?" என்றார்.

அந்த அம்மையாருக்கு அன்று கூறிய விடையை இவ்விதழ் வாயிலாக அனைவருக்கும் கூற விரும்புகிறோம். ஏனெனில் இரும்பை முதல் மரக்காணம் வரையுள்ள ஊர்களிலிருந்து எங்களிடம் வருவோரில், இதே கேள்வியைக் கேளாமலே வீடு திரும்புவோர் பலர் இருப்பர் என்பது எங்கள் உறுதியான எண்ணம். இக்கட்டுரை வயது வந்தோருக்கானது.

முதலில் எங்கள் குறையை ஒப்புக்கொள்கிறோம். உணவில் உப்பைக் குறைத்தீர்களா என்று உப்பளத் தொழிலாளரிடம்கூடத் தவறாமல் கேட்கிறோம், உறக்கத்தைக் கேட்கிறோம், மலச்சிக்கலைக் கேட்கிறோம். தாம்பத்தியத்தில் வலி உண்டா, இன்ப உணர்வு குறைந்துவிட்டதா என்று மட்டும் கேட்பதில்லை. நீரிழிவு, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை, இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு, தண்டுவடக் காயம், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகிய யாவும் இவ்வுணர்வைப் பாதிக்கும் என்பதை நாங்கள் அறிவோம். அறிந்தும் கேளாதிருப்பது மருத்துவத்தில் ஒரு குறையே. பாலியல் நலம் என்பது நோயின்மை மட்டுமன்று, உடலும் உள்ளமும் உறவும் நலமாயிருத்தலே என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட விளக்கத்தின் சாரம்.

இரும்பை என்றவுடன் இப்பகுதியினர்க்கு நினைவில் வருவது சம்பந்தரால் பாடப்பெற்ற மாகாளேசுவரர் திருக்கோயிலும், அதனோடு பிணைந்த கடுவெளிச் சித்தர் கதையும் ஆகும். கோயிலில் ஆடிய பெண்ணின் காற்சிலம்பு நழுவியபோது, சித்தர் அதை எடுத்து அவள் காலில் அணிவித்தார் என்றும், கண்டோர் நகைத்தனர் என்றும், அந்நகைப்பால் அவர் சினம் கொள்ள இலிங்கம் மூன்றாகப் பிளந்தது என்றும் அக்கதை கூறுகிறது. சிலம்பு நழுவியதிலோ அதை அணிவித்ததிலோ தீங்கு விளையவில்லை. ஊரார் சிரித்த சிரிப்பில்தான் தீங்கு விளைந்தது. கதவருகே நின்ற அம்மையாரைப் பல ஆண்டுகள் வாய் திறவாதிருக்கச் செய்ததும் அத்தகைய ஒரு சிரிப்பே.

இனி அந்தக் கருவிக்கு வருவோம். வைப்ரேட்டர் எனப்படும் அதிர்வுக் கருவி நேற்று முளைத்த ஒன்றன்று. இங்கிலாந்து மருத்துவர் ஜோசப் மார்ட்டிமர் கிரான்வில் 1880-களில் தசை வலிக்கும் நரம்பு நோய்க்கும் மின்கலத்தால் இயங்கும் அதிர்வுக் கருவியைப் பயன்படுத்தி, 1883-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். இன்று பிறப்புறுப்புப் பகுதியில் பயன்படுத்துவதற்கென்றே தனிக் கருவிகள் உள்ளன. அமெரிக்காவில் 18 முதல் 60 வயது வரையுள்ள பெண்களிடையே நடத்தப்பெற்று 2009-இல் வெளியான ஆய்வில், பாதிக்குச் சற்று மேற்பட்டோர் இக்கருவியைப் பயன்படுத்தியிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்குப் பிறப்புறுப்பில் எந்தப் பக்க விளைவும் நேரவில்லை. தண்டுவடக் காயமுற்ற ஆண்களுக்கு விந்து வெளிப்பட உதவுவதற்கும் மருத்துவர்கள் அதிர்வைப் பயன்படுத்துகின்றனர்.

சட்டத்தைப் பற்றிய அச்சமும் பலருக்கு உண்டு. ஆபாசப் பொருள் விற்பனையைத் தண்டிக்கும் பிரிவு நம் நாட்டில் உள்ளது. ஆனால் அதில் இக்கருவியின் பெயர் கூறப்படவில்லை. உடல் மசாஜ் கருவிகளை ஆபாசப் பொருள் எனக் கருதிச் சுங்கத்துறை பறிமுதல் செய்த வழக்கொன்றில், 2024 மார்ச்சில் மும்பை உயர்நீதிமன்றம் சுங்கத்துறையின் வாதத்தை ஏற்கவில்லை. அக்கருவி பாலின்பத்துக்கும் பயன்படக்கூடும் என்பது அதிகாரியின் கற்பனை என்றே நீதிபதிகள் குறிப்பிட்டனர். கடைகளில் இவை "கழுத்து வலி மசாஜர்" என்னும் பெயரில் விற்கப்படுவதற்கு இத்தகைய தயக்கமும் ஒரு காரணமாகலாம். பெயரை மறைத்து விற்பதால், பயன்படுத்தும் முறையும் மறைக்கப்படுகிறது. அக்குறையை நீக்குவது மருத்துவமனையின் கடமை.

வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியவை சில. மருத்துவத் தரச் சிலிக்கான், கடினமான ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆனவை நல்லவை. நுண்துளைகள் இல்லாமையால் அவற்றில் அழுக்குத் தங்காது. பிசுபிசுப்பும் கடுமையான ரப்பர் நெடியும் உள்ளவற்றைத் தவிர்க்க வேண்டும். முதன்முறை வாங்குவோர்க்குக் கட்டைவிரல் அளவுள்ள, வெளிப்புறத்தில் மட்டும் பயன்படும் சிறிய கருவி போதும். பக்கவாதத்தாலோ மூட்டுவாதத்தாலோ கைப்பிடி தளர்ந்தோர், எடை குறைந்ததும் பெரிய பொத்தான் உள்ளதுமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆசனவாயில் பயன்படுத்தும் எதுவும் அடிப்பாகம் அகன்றதாக இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் அது உள்ளே சென்றுவிடும். அவ்வாறு சென்றுவிட்டால் வீட்டிலேயே இழுக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். உடலுக்கென்று செய்யப்படாத பொருள்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

பயன்படுத்தும் முறை எளியது. கதவைத் தாழிட்டுக்கொள்ளத்தக்க நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓரறை வீட்டில் கூட்டாக வாழ்வோர்க்கு இதுவே பெரிய சிக்கல் என்பதை அறிவோம். மின்விசிறியின் ஓசையில் அடங்கிவிடும் அமைதியான கருவிகளும் கிடைக்கின்றன. முதலில் சிறுநீர் கழித்துவிட்டுக் கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலின் கீழ்த் தலையணை வைத்தால் தொடையும் இடுப்பும் தளரும். கருவியை எடுத்தவுடன் உணர்வு மிகுந்த இடத்தில் வைத்தல் தவறு. முதலில் உள்ளங்கையிலும் பின்னர்த் தொடையிலும் வைத்து அதன் வேகத்தைப் பழகிக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, உள்ளாடையின் மேலாகவோ மெல்லிய பருத்தித் துணியின் மேலாகவோ வைத்துப் பாருங்கள்.

பெண்களுக்கு இன்ப உணர்வின் மையம் யோனியின் மேற்புறத்தில் அமைந்த கிளிட்டோரிஸ் என்னும் சிறு மொட்டாகும். நரம்பு முனைகள் செறிந்த அவ்விடத்தை நேரே அழுத்தினால் சிலருக்குக் கூச்சமோ வலியோ தோன்றும்; அதன் பக்கவாட்டில் வைத்து மெல்ல நகர்த்துவதே பலருக்கு இதமாக இருக்கும். பெண்களுள் பலர் புணர்ச்சியால் மட்டும் உச்சநிலை அடைவதில்லை. இஃது உடலமைப்பின் இயல்பே. பெண்ணின் குறையும் அன்று, கணவரின் குறையும் அன்று. அவசரம் வேண்டா. மூச்சை அடக்காமல் மெல்ல விடுங்கள். பதினைந்து, இருபது நிமிடங்கள் ஆவதும் இயல்பு. உச்சநிலை எய்தாத நாளும் வீணான நாள் அன்று. மரத்துப்போனது போலத் தோன்றினால் நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் உணர்வு திரும்பிவிடும். எந்நிலையிலும் வலியைப் பொறுத்துக்கொண்டு தொடரக் கூடாது.

வறட்சிக்கு வழவழப்பு ஜெல் உதவும். மருந்துக் கடைகளில் நீர் கலந்த ஜெல் என்று கேட்டு வாங்குங்கள்; உலர்ந்தால் மீண்டும் சில துளிகள் இட்டுக்கொள்ளலாம். சிலிக்கான் ஜெல் சிலிக்கான் கருவியைக் கெடுக்கக்கூடும். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் முதலியன ஆணுறையை நலிவுறச் செய்து கிழியவைக்கும். வாசனையும் சுவையும் சேர்த்தவற்றை நீரிழிவு உள்ளோர் தவிர்ப்பது நலம். எனினும், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கு ஜெல் மட்டும் போதாதிருக்கலாம். அதற்கெனச் சிகிச்சை உண்டு. கருவி அச்சிகிச்சைக்கு மாற்றாகாது. அந்த அம்மையாருக்கும் முதலில் பரிசோதனையே செய்தோம். அதன் பின்னரே கருவியைப் பற்றிப் பேசினோம்.

முடித்தபின் கருவியை மென்மையான சோப்பாலும் நல்ல நீராலும் கழுவி, நன்கு உலர்த்திப் பருத்திப் பையில் வையுங்கள். நீர் புகாதது எனக் குறிப்பிடப்படாத கருவியை நீரில் அமிழ்த்தாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டெட்டால், உப்பு நீர், மஞ்சள் ஆகியவற்றை நம் இல்லங்களில் தூய்மையின் பொருட்டுப் பயன்படுத்துவது வழக்கம். இவற்றைப் பிறப்புறுப்பின் மீது இடவே கூடாது, புண்ணாகிவிடும். மின்னேற்றம் நடக்கும்போது கருவியைப் பயன்படுத்தாதீர்கள். விரிசலுற்றதையும் மிகையாகச் சூடேறுவதையும் எறிந்துவிடுங்கள். ஒருவர் கருவியை மற்றொருவர் பயன்படுத்தினால் தொற்று பரவும். தம்பதியர் பகிர்ந்துகொள்வதாயின் ஒவ்வொரு முறையும் கழுவி, புதிய ஆணுறையைக் கருவியின் மேல் இட்டுக்கொள்ளவேண்டும். ஆசனவாயில் பட்டதைக் கழுவாமல் யோனியில் வைத்தலாகாது.

சிலர் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும். மகப்பேறோ இடுப்பு அறுவைச் சிகிச்சையோ முடிந்து சில வாரங்களே ஆனவர்கள். கருவுற்ற நிலையில் இரத்தக்கசிவு, தாழ்ந்த நஞ்சுக்கொடி, பனிக்குட நீர்க்கசிவு உள்ளவர்கள். பிறப்புறுப்பில் புண், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் உள்ளவர்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் காலம் தாழ்த்தாமல் வரவேண்டும். தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயமுற்றோர்க்கு அதிர்வினால் இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். கடுந்தலைவலியும் வியர்வையும் தோன்றினால் உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்து உதவி கோர வேண்டும். ஆகவே அவர்கள் முதன்முறையை மருத்துவர் மேற்பார்வையில் செய்வதே முறை.

இக்கருவி குடும்பத்தைக் குலைக்கும் என்று அஞ்சுவோரை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. அவர்கள் கவலை உறவைப் பற்றியது. எங்கள் அனுபவத்தில் உறவைக் குலைப்பது வலியும் மௌனமுமே. மனைவி வலியால் விலகுகிறாள். கணவர் அதை வெறுப்பு என்று எண்ணுகிறார். இருவரும் கூடத்தில் ஒருவர், அறையில் ஒருவர் என உறங்கத் தொடங்குகின்றனர். கணவருக்கும் இதைத் தெரிவித்து, மனைவி தம் கையால் அவர் கைக்கு வழிகாட்டினால், அக்கருவி இருவருக்கும் உதவியாகும். மூக்குக் கண்ணாடி அணிவதால் கண் வெட்கப்படுவதில்லை. அதே வேளையில், விருப்பமில்லாதவரை யாரும் இதற்கு வற்புறுத்தக் கூடாது. கைம்பெண்களும் மணமாகாதோரும் தனித்து வாழ்வோரும் தம் உடலைப் பற்றிக் கேட்பதற்கு எவருடைய இசைவும் தேவையில்லை.

எங்கள் மருத்துவர்களும் செவிலியரும் இனி இக்கேள்வியைத் தாமே முதலில் கேட்பது என முடிவு செய்துள்ளோம். பெண் மருத்துவரிடமே பேச விரும்புவோர் பதிவு மேசையில் "தனியாகப் பேச வேண்டும்" என்று கூறினால் போதும், காரணம் கேட்கப்படமாட்டாது. உடன் வந்த மகளோ மருமகளோ சற்று வெளியே அமர்ந்திருப்பதும் நோயாளிக்குச் செய்யும் பேருதவியே.

அந்த அம்மையார் மறுமாதம் வந்தார். முழங்கால் வலி அப்படியே இருப்பதாக முறையிட்டார். மற்றது எப்படி என்று கேட்டோம். "அது பரவாயில்லை, டாக்டரம்மா" என்றார். இம்முறை அவர் கதவருகே நின்று பேசவில்லை. நாற்காலியில் அமர்ந்தே பேசினார்.