உட்செவி சொன்ன பொய்

2016 மார்ச் 19, ரஷ்யாவின் ரோஸ்தோவ் விமான நிலையம். விடிவதற்கு முந்தைய இருட்டு, மழை, பலத்த காற்று. ஒருமுறை இறங்க முடியாத ஃப்ளைதுபாய் போயிங் 737 ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வானில் வட்டமடித்தது. இரண்டாவது முயற்சியையும் கைவிட்டு மேலேறியபோது, கேப்டன் விமானத்தின் மூக்கைக் கீழ்நோக்கித் தள்ளினார். 62 பேரும் மாண்டார்கள்.

ஏன் தள்ளினார்?

எரிபொருள் செலவாகி எடை குறைந்த விமானம், முழு விசை கொடுத்ததும் சீறிப் பாயும். அந்த உந்துதலை, மூக்கு மேல்நோக்கி எழுவதாக உட்செவி தப்பாகச் சொல்லும். வெளியே மேகம், கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. எதிரே இருந்த கருவிகள் உண்மையைத்தான் காட்டின.

அதே இரவில் ஓர் ஏரோஃப்ளோட் விமானம், இறங்க முடியாமல் கிராஸ்னதாருக்குப் போய்விட்டது. களைத்த விமானியை மேகத்துக்குள் காக்கவைக்காமல் இப்படி வேறு ஊருக்குத் திருப்பிவிடுவதையே நிறுவனங்கள் வழக்கமாக்க வேண்டும். செலவுக் கணக்கும் பயணிகளின் முணுமுணுப்பும் அப்புறம்.